ஒரு பேணி அன்னாசித் தண்ணி

மண்முட்டியின் அடியில் பல்லி கிடந்தது.

பாலேஸ்வரி அகப்பையால் ஒருதரம் கிளறிப் பார்த்தாள். அன்னாசிச் சக்கையாக இருக்கக்கூடாதா என்றொரு நப்பாசை. ஆனால் சக்கைக்குக் கால் முளைப்பதில்லை. முகட்டிலிருந்து எப்போதோ விழுந்து, இஞ்சியிலும் சீனியிலும் நன்றாக ஊறி, வயிறு வெளுத்துப்போய்க் கிடந்தது. அதே முட்டியிலிருந்துதான் சற்று முன்னர் மூன்று பேணி அன்னாசித் தண்ணி முன்விறாந்தைக்குப் போயிருந்தது.

மூடிவைக்க மறந்தது அவளுடைய பிழைதான். வேறு எதையும் அவள் மறக்கவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் ஒவ்வொன்றாக மணந்து பார்த்து வாங்கிய அன்னாசி. தோல் சீவி, கண் எடுத்து, உரலில் இடித்து, துணியில் பிழிந்தாள். இஞ்சியை அம்மியில் அரைத்துச் சாற்றைத் தெளியவைத்து, அடியில் படிந்த வெள்ளை மண்டியைக் கவனமாகக் கொட்டினாள். தேசிக்காய் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கூப்பனுக்குக் கிடைத்த அந்தக் கிழமைச் சீனி முழுவதையும் கரைத்தாள். யுத்தம் முடிந்துவிட்டதாக வெள்ளைக்காரன் சொல்லி ஒரு வருடமாகப் போகிறது. கூப்பன் முடிந்தபாடில்லை. வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது, கடற்கரை வீதியில்கூடக் காற்றைக் காணோம். மண்முட்டியில் குளிர்ந்த அந்தத் தண்ணி ஒரு மிடறு உள்ளே போனால் உச்சந்தலை வரைக்கும் குளிரும். இவ்வளவு பாடும் யாருக்காக என்றால், அவளை வீட்டை விட்டு அனுப்ப வந்தவர்களுக்காக.

முன்விறாந்தையில் புருசன் நாகேந்திரத்துக்குப் பக்கத்தில் சாய்மனைக் கதிரை நிறைய உட்கார்ந்திருந்தவள் அவனுடைய தமக்கை தங்கரத்தினம். முதல் நாள் காலை யாழ்ப்பாண மெயில் ரெயிலில் வந்து இறங்கியவள் கொழும்பு பார்க்க வரவில்லை. தம்பிக்கு இரண்டாம் தாரத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெண்ணின் பெயர் கௌரி. தூரத்துச் சொந்தம். தாய் தகப்பன் இல்லாமல், தங்கரத்தினத்தை மாமி என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் வீட்டோடு வளர்ந்தவள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள்.

நியாயமெல்லாம் தங்கரத்தினத்தின் பக்கம்தான். கலியாணமாகி ஒன்பது வருடம், வீட்டில் தொட்டில் கட்டவில்லை. தாலி கட்டியதோடு சரி, கலியாணத்தைப் பதிந்து எழுத்து எழுதவில்லை. ஆகவே புதுக்கடைக் கோட்டுக்கு யாரும் போய் நிற்க முடியாது. அதோடு தங்கரத்தினத்தின் மகனுக்கு வழக்காடும் அப்புக்காத்து ஒருவரின் வீட்டில் பெரிய சீதனத்தோடு சம்பந்தம் முற்றாகியிருக்கிறது. அந்த நேரத்தில் குமர்ப்பெண் ஒருத்தியை அவனோடு ஒரே வீட்டில் வைத்திருப்பது அழகில்லையாம். வருகிற ஞாயிறு ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் சுருக்கமாகத் தாலி கட்டிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. பாலேஸ்வரி விரும்பினால் குசினியில் இருக்கலாம், விரும்பாவிட்டால் ஊருக்குப் போகலாம்.

ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருக்கும் நாகேந்திரம் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் அப்படிப்பட்ட மனிதன். கந்தோரில் துரைக்கும் வீட்டில் அக்காவுக்கும் வாய் திறக்காமலே நாற்பது வயதைத் தொட்டுவிட்டான்.

பாலேஸ்வரி பல்லியை அகப்பையில் அள்ளி யன்னலுக்கு வெளியே வாழையடியில் வீசினாள். காகம் ஒன்று உடனே கொத்திக்கொண்டு போனது. அதற்காவது புண்ணியம் கிடைக்கட்டும் என்று திரும்பினாள். குசினி வாசலில் கௌரி நின்றாள்.

கையில் அவளுடைய பேணி. நிறைந்தபடியே இருந்தது. கௌரி அதைப் பலகையில் வைத்தாள். பாலேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியது. போய்விட்டாள்.

கண்டுவிட்டாள். பல்லி விழுந்த தண்ணியைக் கொடுத்தாள் என்ற கதை, விறாந்தைக்குப் போய்ச் சேருமுன் நஞ்சு வைத்தாள் என்று ஆகிவிடும். பிறகு ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்த ஆளாகத் தங்கரத்தினமே வெறும் பேணியோடு உள்ளே வந்தாள். தண்ணி தொண்டைக்கு இதமாக இருக்கிறதாம், இன்னொரு பேணி வேண்டுமாம். பலகையில் இருந்த நிறைந்த பேணி அவள் கண்ணில் பட்டது.

"இது உன்ரையே? நீ இன்னும் குடிக்கேல்லையே?" என்று அதை எடுத்துப் பாலேஸ்வரியிடம் நீட்டினாள். "இந்தா, குடி பிள்ளை. முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு."

"வேண்டாம் மச்சாள்," என்றாள் பாலேஸ்வரி. "அன்னாசி..."

அன்னாசி புளித்துவிட்டது, நீங்களும் குடிக்காதீர்கள் என்று சொல்லி, அந்தச் சாக்கில் முட்டியைக் கவிழ்த்துவிடலாம் என்பது அவளுடைய திட்டம். அவசரத்தில் போட்ட திட்டம்தான், ஆனால் மோசமில்லை. சொல்லி முடிக்க விட்டால்தானே.

தங்கரத்தினத்தின் கை அப்படியே நின்றது. அவள் பார்வை பாலேஸ்வரியின் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. சுட்டுவிட்டது போலப் பேணியைக் கீழே வைத்தாள்.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டாள்.

பாலேஸ்வரிக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் பிடிபட்டது. நம்முடைய பெண்கள் அன்னாசியை வேண்டாம் என்று தள்ளுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அன்னாசி சூடு, வயிற்றில் இருப்பதைக் கரைத்துவிடும் என்று கோடிக்கரை தொடக்கம் கொழும்புவரை எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அதில் புதினம் இல்லை. ஒன்பது வருடமாக மலடி என்று வாய் கூசாமல் சொன்ன தங்கரத்தினத்துக்கு அந்த நினைப்பு அவ்வளவு கெதியில் வந்ததுதான் புதினம்.

விறாந்தையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நாகேந்திரம் குசினிக்குள் வந்தான். அந்த வீட்டுக் குசினிக்கு அவன் வந்ததே இல்லை. உப்புப் போத்தல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத மனிதன்.

"மெய்யே?" என்று கேட்டான்.

பல்லி என்று சொன்னால் இப்போதே வெளியே. சும்மா இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் கழித்து வெளியே. பாலேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள். பெண்சாதி நிலத்தைப் பார்த்தால் ஓம் என்று அர்த்தம் என நாகேந்திரம் எங்கோ கேள்விப்பட்டிருந்தான்.

அன்று பின்னேரமே தங்கரத்தினம் வாந்தி எடுத்தாள். பல்லியா, கேட்ட செய்தியா, எது அவளைப் புரட்டியது என்று பாலேஸ்வரிக்குத் தெரியாது. அவள் செத்துவிட்டால் தூக்குமேடைதான் என்று மட்டும் தெரிந்தது. பயத்தில் முட்டியைக் கொண்டுபோய்க் சாக்கடைக் கானுக்குள் கவிழ்த்துவிட்டு வந்தாள். வந்தால் தங்கரத்தினம் நெஞ்சைத் தடவிக்கொண்டு, பித்தத்துக்கு இஞ்சிதான் மருந்து, அந்தத் தண்ணியில் இன்னும் ஒரு பேணி கொண்டா என்கிறாள்.

தண்ணி முடிந்துவிட்டது, சீனியும் இல்லை என்றாள் பாலேஸ்வரி. புதிதாகச் செய்ய அவள் உரலைத் தொடப்போக, நாகேந்திரம் உலக்கையைப் பிடுங்கிக்கொண்டான். அவள் ஒன்றும் தூக்கக்கூடாதாம். சீனிக்குத் தானே போவதாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு ஜவாஹிறாவிடம் போனான். வருடக்கணக்காக மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதன், ஒரு சுண்டு சீனி வாங்கப் போய் முழுக்கதையையும் கொட்டிவிட்டு வந்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜவாஹிறா ஒரு தட்டு இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்துவிட்டாள். பின்னால் ஒழுங்கையிலுள்ள பெண்களில் பாதிப்பேர். அவளிடமாவது உண்மையைச் சொல்லி அழலாம் என்று பாலேஸ்வரி கையைப் பிடித்தாள். ஆனால் பக்கத்தில் தங்கரத்தினம் எழும்பிப் போகாமல் இருந்தாள்.

"இனி நீங்க ஒண்டும் யோசிக்கப்படாது தங்கச்சி," என்றாள் ஜவாஹிறா. "இவ்வளவு காலம் நீங்க அழுதது அல்லாவுக்குக் கேட்டிருக்கு."

பாலேஸ்வரி வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இந்த நேரத்தில் அழுகை வருவது வழக்கம்தான் என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. கோயிலுக்கு யாரும் வெளிக்கிடவில்லை. ஆனால் தங்கரத்தினம் ஊருக்கும் வெளிக்கிடவில்லை. கண்ணால் பார்த்து நிச்சயம் செய்துகொண்டுதான் போவாளாம். குசினியைத் தன் கைக்குள் எடுத்தாள். எடுத்த கையோடு, சீனிக்குப் பதில் ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டியைக் கரைத்து, நாள்தோறும் அன்னாசித் தண்ணி செய்யவும் தொடங்கினாள். வெயிலுக்கு நல்லது என்றாள். தம்பிக்கு ஒரு பேணி, தனக்கு ஒரு பேணி. கௌரிக்கு மட்டும் மோர். கேட்டால், அவளுக்கு அன்னாசி ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் கடிக்கும் என்றாள். மூன்றாவது பேணியைக் கொண்டுவந்து பாலேஸ்வரிக்கு முன்னால் வைப்பாள்.

"ஒரு மிடறு குடி பிள்ளை. அதெல்லாம் பழைய ஆக்களின்ரை கதை. ஒண்டும் செய்யாது."

வயிற்றில் ஒன்றும் இல்லை என்று பிடிக்கத்தான் அவள் அப்படிச் செய்கிறாளா, இருந்தால் கரையட்டும் என்று செய்கிறாளா என்பது பாலேஸ்வரிக்கு விளங்கவில்லை. இரண்டில் எதுவானாலும் பேணி ஒன்றுதான். பாலேஸ்வரியின் கைப்பக்குவத்தைப் பார்த்துச் செய்த தண்ணி. இஞ்சி மணம் மூக்கில் ஏறும். வெளியே வெயில் வீதித் தாரை உருக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குடித்தால் அவளுக்கு ஒரு கெடுதியும் இல்லை, கரைவதற்கு ஒன்றும் இல்லையே. ஆனால் குடித்தால் பொய் வெளிச்சமாகிவிடும். வேண்டாம் மச்சாள் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை வறண்டது.

அந்த நேரமெல்லாம் கௌரி மோர்ப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்ப்பாள். அவளுக்கும் கண் நிறைந்திருக்கும். பல்லியைக் கண்டவள், சொல்லலாமா விடலாமா என்று மனதுக்குள் போராடுகிறாள் என்று பாலேஸ்வரி நினைத்தாள். ஒரு நாளைக்கு அவள் சொல்லத்தான் போகிறாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை நாகேந்திரம்தான். கந்தோரால் வரும்போது தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தான். பின்னேரங்களில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீதியில் இவ்வளவு காலமும் நாலு எட்டு முன்னால் நடந்த மனிதன் இப்போது அவளோடு சேர்ந்து நடந்தான். கால் இடறும், மெல்லமாய் வாரும் என்றான். ஆண் என்றால் தன் தகப்பனின் பெயர், பெண் என்றால் அவளுடைய தாயின் பெயர் என்றான். அவளுடைய தாயின் பெயர் அவனுக்கு நினைவிருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும். இவ்வளவு நல்ல மனிதனை ஒன்பது வருடமாக எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று அவளுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்று விக்கி விக்கி அழுதாள். ஒரு செத்த பல்லி தந்த வாழ்வு அது.

அந்தக் கிழமைக் கடைசியில் தங்கரத்தினம் செய்தி சொன்னாள். கொட்டாஞ்சேனையிலிருந்து றோஸி மிஸ்ஸி சனிக்கிழமை காலையில் வருகிறாள். பிள்ளைப்பேறு பார்ப்பதில் கெட்டிக்காரி, வயிற்றில் கை வைத்தால் போதும், உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவாள்.

பாலேஸ்வரி அடுத்த நாள் முழுக்க யோசித்தாள். யோசித்து, ஒரு முடிவுக்கும் வந்தாள். குடித்துவிடுவது. எல்லாரும் பார்க்க, மச்சாள் தந்த பேணியை, மச்சாள் சொன்னபடியே குடிப்பது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால், மிஸ்ஸி வந்து ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் பழி தங்கரத்தினத்தின் மேல். அந்தப் பழியோடு அவள் கௌரியைத் தம்பிக்குக் கட்டிவைக்க முடியாது. ஒரே பேணியில் பிள்ளையும் போகும், மச்சாளும் போவாள். கெட்ட யோசனைதான். அவளுக்கு நல்ல யோசனை சொல்ல அந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாகேந்திரம் கந்தோரால் வந்து சேர்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். தங்கரத்தினம் வழக்கம்போலப் பேணியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு மிடறு என்றாள். பாலேஸ்வரி பேணியை எடுத்தாள். தங்கரத்தினத்தின் கண் விரிந்தது. மூலையில் நின்ற கௌரி, வேண்டாமக்கா என்பது போல ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

பேணி உதட்டில் படவில்லை. நாகேந்திரம் பாய்ந்து வந்து தட்டிவிட்டான். அது சுவரில் மோதி, அன்னாசித் தண்ணி முழுவதும் தங்கரத்தினத்தின் சேலையில் கொட்டியது.

"என்ரை பிள்ளையைக் கொல்லவோ அக்கா வந்தனீங்கள்?"

நாகேந்திரத்துக்கு அப்படியொரு குரல் இருப்பது அவனுக்கே தெரியாது. சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். ஆனாலும் நிறுத்தவில்லை. பாலேஸ்வரிதான் தன் பெண்சாதி, இந்த வீட்டில் இனி வேறு ஒருத்தியின் கதை வேண்டாம், நாளைக்கே இரண்டு பேரும் மெயில் ஏறலாம் என்றான்.

ஒன்பது வருடமாகப் பாலேஸ்வரி கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். எந்த வார்த்தையைத் தூக்கி எங்கே வைத்திருக்கிறான். அடியில் ஒன்றுமே இல்லை.

தங்கரத்தினம் அழவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு மெதுவாகக் கதைத்தாள்.

"நல்லது தம்பி. மிஸ்ஸி வந்து பாக்கட்டும். பிள்ளை இருந்தால் நான் போறன், இந்தப் படலை இனி மிதிக்கமாட்டன். இல்லையெண்டால் இவள் போகவேணும், அண்டைக்கே கோயில். சரியோ?"

"ஓம்," என்றான் நாகேந்திரம். உடனே சொன்னான். அவனுக்குத்தான் ஒரு சந்தேகமும் இல்லையே.

சனிக்கிழமை காலை பாலேஸ்வரி கிணற்றடிக்குப் போனாள். கௌரி அங்கே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி வந்தால் வயிற்றில் இல்லை என்பது எப்படியும் தெரிந்துவிடும். அதற்கு ஒரு மன்னிப்பு இருக்கலாம், ஏங்கிக் கிடந்த பெண், நாள் கணக்குப் பிசகிவிட்டாள் என்று விடுவார்கள். குசினி மூலையாவது மிஞ்சும். ஆனால் பல்லிக் கதையும் சேர்ந்து வந்தால் அந்த மூலையும் இல்லை. நஞ்சு வைத்தவளுக்கு யார் சோறு போடுவார்கள்? பல்லியைக் கண்டவள் கௌரி ஒருத்திதான். அவளுடைய வாயை மூடினால் போதும்.

தன்னிலும் எவ்வளவோ இளையவளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு பாலேஸ்வரி ஈரத் தரையிலேயே குந்திவிட்டாள்.

"தங்கச்சி, எனக்கு வயித்திலை ஒண்டும் இல்லை. அண்டைக்கு முட்டியிலை பல்லி கிடந்தது. அதுதான் நான் வேண்டாமெண்டனான். நீயும் அதைக் கண்டுதான் குடிக்காமல் வச்சிட்டுப் போனனீ எண்டு எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தாய், நீ நல்லாயிருப்பாய். அவரை நீயே கட்டு. உனக்கு நான் சமைச்சுப் போடுறன். உன்ரை பிள்ளையளையும் நானே வளர்க்கிறன். பல்லிக் கதையை மட்டும் மச்சாளிட்டைச் சொல்லிப்போடாதை."

கௌரி திகைத்துப்போய்ப் பார்த்தாள். தோய்த்த சேலை அவள் கையிலிருந்து நழுவிச் சவர்க்காரத் தண்ணிக்குள் விழுந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. முன்பக்கம் றிக்சோ மணி அடித்தது. மிஸ்ஸியை வரவேற்கும் தங்கரத்தினத்தின் குரல் கேட்டது. கௌரி அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். முகம் சுண்டிப்போய், அவளும் பாலேஸ்வரிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"பல்லியோ? எனக்கு ஒரு பல்லியும் தெரியாதக்கா," என்றாள். "வயித்திலை பிள்ளை இருக்கேக்கை நான் அன்னாசி தொடப்படாதெண்டு, ரெயில் ஏறேக்கையே மாமி சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தவ."